பிரகாசி பிசைந்த சுவர்

உப்புமேட்டில் மழை பிறந்துவிட்டால் செத்தவர்களுக்குக் கொண்டாட்டம். முதல் தூறலில் சுவர் ஈரம் குடித்ததோ இல்லையோ, அந்தச் சுவரின் காரையைப் பிசைந்த ஆளின் உடம்பு வாசம் வீடு முழுக்க எழும்பி வந்துவிடும். ஆள் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமானாலும் சரி. பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் ஒவ்வொரு ஐப்பசியிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவாள். "எங்க மாமியா வந்துட்டாடி! உசிரோட இருந்தப்பவும் அடுப்படிய விட்டு நகரல, இப்பவும் நகரமாட்டேங்கா!" என்று சாம்பிராணிச் சட்டியும் கையுமாகச் சுவரோடு சண்டை பிடிப்பாள்.

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பழைய ஊரைக் கடல் விழுங்கியது. மேட்டில் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகளோ உப்புக்காற்றில் கம்பி துருவேறி, அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தன. அதற்குப் பிறகுதான் இந்தக் கரையோரத்து ஜனம் உயிர்க்காரைக்கு வந்து சேர்ந்தது. சிப்பிச் சுண்ணாம்பு, மணல், கஞ்சித்தண்ணி. அதோடு, ஏற்கெனவே உயிரோடு இருக்கிற ஒரு சுவரிலிருந்து சுரண்டிய ஒரு கைப்பிடி உறை. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதற்குள் இருந்துகொண்டு, எங்கே விரிசல் விழுந்தாலும் தாமே சுண்ணாம்பு கக்கி மூடிக்கொள்ளும். வாரத்துக்கொரு தடவை சுவருக்குக் கஞ்சி ஊற்றினால் போதும். ஆனால் பிசைவது மட்டும் வெறுங்கையாகத்தான் இருக்க வேண்டும். எந்திரத்தில் அரைத்தால் காரை செத்துவிடும். வெறுங்கையால் பிசைந்தால், பிசைந்தவரின் தோலில் குடியிருக்கிற உயிர்களும் கூடவே காரைக்குள் குடிபோய்விடும். மனுஷ வாசமே அந்த உயிர்களின் வேலைதானே.

இதனால் வந்த வினைகள் கொஞ்சமா நஞ்சமா? பெண்டாட்டியை இழந்தவன் மறுகல்யாணம் செய்தால், பெண்வீட்டார் முதல் வேலையாகச் சுவரை உரிக்கச் சொல்வார்கள். மூத்தவளின் காரையைக் கடலில் கொட்டி, புதுப்பெண் தன் கையால் பிசைந்து பூசினால்தான் அந்த வீட்டில் அடியெடுத்து வைப்பாள். ஊரில் அப்படி உரிக்க வேண்டாம் என்று சொன்ன ஒரே ஒருத்தி சலேத்தம்மாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? செத்தவ வாசத்துக்குள்ளயா குடித்தனம் பண்ணப்போற?" என்று அவளைப் பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளை சுவர்ல கன்னத்த வச்சுத் தூங்குதும்மா. அத எப்பிடி உரிக்கச் சொல்ல?"

பிள்ளை என்றால் பனிமலர். பெற்றவள் பிரகாசி காய்ச்சலில் போனபோது அவள் தொட்டில் பிள்ளை. தகப்பன் கஸ்பார் படகு மோட்டார் மெக்கானிக். பெண்டாட்டி போன துக்கத்தில் சுவருக்குக் கஞ்சி ஊற்ற மறந்துபோனான். அவனே கஞ்சி குடித்தானா என்பது சந்தேகம். சலேத்து அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது சுவரெல்லாம் வெடித்துக் கிடந்தது. பிள்ளை படுக்கிற அறையில், அவள் கன்னம் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கைவிரல் நுழைகிற அளவுக்கு விரிசல். சலேத்து வந்த அன்றைக்கே அரிசி களைந்து கஞ்சி வைத்தாள், முதல் பங்கு சுவருக்கு.

அன்றிலிருந்து அந்தச் சுவரைத் தன் பிள்ளையைப் போல வளர்த்தாள். விரிசல் கண்டால் காரை குழைத்துப் பூசுவாள். ஒவ்வொரு மழைக்கும் பனிமலர் ஓடிவந்து சுவரில் முகத்தைப் புதைத்து, "சித்தி, எங்கம்மா வந்துட்டா!" என்று சிரிப்பாள். அதைக் கேட்டுச் சலேத்துக்கும் சிரிப்பு வரும். சில வருஷம் சிரித்த கையோடு கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

பனிமலருக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சில்வெஸ்டர், வடக்குத்தெருக்காரன். தம்பதிக்குப் புதுவீடு எழும்பிக்கொண்டிருந்தது. பெண் தாய்வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி உறை கொண்டுபோய்ப் புதுவீட்டுக் காரையில் சேர்ப்பது உப்புமேட்டு வழக்கம். அந்த உறையில் யார் வாசமோ, அது பெண்ணோடு ஆயுசுக்கும் இருக்கும்.

"சித்தி, நான் என் அறைச் சுவர்லருந்துதான் உறை எடுப்பேன். எங்கம்மா சுவர்லருந்து. நீங்க ஒண்ணும் நெனச்சுக்கமாட்டீங்கள்லா?" என்று கேட்டாள் பனிமலர்.

"இதுல நெனைக்க என்னட்டி இருக்கு? பெத்தவ உறைதான் போவணும்" என்றாள் சலேத்து. சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், அன்றைக்கு வாங்கிய சாளை மீனை வெகுநேரம் கழுவினாள். ஆசை வெட்கமறியாது என்பார்கள். 'சித்தி, நீங்க ஒரு கைப்பிடி பிசைஞ்சு தாங்க' என்று பிள்ளை கேட்டுவிடாதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் மைமூனா ஊருக்கு வந்தாள். உயிர்க்காரை முதன்முதலில் எந்தச் சுவரில் பிறந்தது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் அனுப்பிய பெண். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். அதைச் சுவரில் அழுத்தினால் இந்தக் காரை எந்தச் சுவரின் உறை, எந்தக் கை பிசைந்தது என்று சொல்லிவிடும். ஊரில் மூன்று குடும்பங்கள் 'எங்க பாட்டன் சுவருதான் மூலம்' என்று கட்டிப்புரண்டுகொண்டிருந்தன. மூலச்சுவர் என்று ஆகிவிட்டால் அந்த வீட்டு வாசலில் கல்வெட்டு வைப்பார்களாம்.

மைமூனா தாகத்துக்குத் தண்ணி கேட்டுச் சலேத்து வீட்டுக்குள் வந்தாள். சலேத்து தண்ணியோடு கடுங்காப்பியும் பனங்கற்கண்டும் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"யாரு வீட்டுச் சுவரும்மா மூலம்? எங்கிட்ட சொல்லு, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

மைமூனா சிரித்தாள். "மூணு வீடும் இல்லக்கா. புயல் முகாமுக்குப் பின்னாடி ஒரு குட்டிச்சுவரு நிக்குதுல்லா, ஆடு படுத்துக் கெடக்குமே, அதுதான்."

"அந்தக் குட்டிச்சுவரா! அடி ஆத்தாடி!"

"கடல் ஊருக்குள்ள வந்தப்ப எல்லாரும் அங்கதான் கஞ்சி குடிச்சிருக்காங்க. குடிச்சிட்டுக் கை கழுவுன தண்ணி பூராவும் அந்தச் சிப்பிச் சுண்ணாம்புச் சுவர்லதான் போய் விழுந்திருக்கு. மத்த சுவரெல்லாம் வெடிச்சு விழுந்துச்சு, அது மட்டும் விழல. ஏன்டா விழலன்னு யாரோ ஒரு மகராசி சுரண்டி எடுத்துத் தன் வீட்டுக்குப் பூசியிருக்கா. அங்கருந்து வீடு வீடாப் பரவியிருக்கு."

"அப்ப முதல் கை யாரோடது?"

"அங்க ஒரு கைன்னு இல்லக்கா. ஊரு எச்சிக்கை எல்லாம் சேந்து பண்ணுன சுவரு. அந்த மூணு வீட்டுலயும் இதத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் எனக்குக் காப்பி தரல."

சலேத்து வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்து, பெருமையாகப் பனிமலர் அறைக்குக் கூட்டிப்போனாள். பனிமலர் அப்போது தையல்கடைக்குப் போயிருந்தாள். "இது பிரகாசி அக்கா பிசைஞ்ச சுவரு. நல்லாப் பாத்துச் சொல்லும்மா. பிள்ளை இதுலருந்துதான் உறை எடுக்கப்போறா."

மைமூனா கருவியை அழுத்திப் பார்த்தாள். இன்னோர் இடத்தில் அழுத்தினாள். "கொழுகொழுன்னு இருக்கு சுவரு" என்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "அக்கா, உங்க கையக் கொஞ்சம் நீட்டுங்க."

கருவி உள்ளங்கையில் ஜில்லென்று பட்டது. மைமூனா அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது உங்க கைக்கா."

"போம்மா, வெளையாடாத. நான் பிசையல. வெடிச்ச எடத்துல பூசத்தான் செஞ்சேன்."

"எதை வச்சுப் பூசுனீங்க?"

சலேத்துக்கு முகம் சுருங்கியது. ஒட்டுப் போடுவது கொத்துக்கரண்டியால்தான், வேறு கை பட்டால் வாசம் கலந்துவிடும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "கரண்டியால பூசுனா சொரசொரன்னு நிக்கும். பிள்ளை கன்னத்த வச்சு உரசும்லா. அதான் உள்ளங்கையால தடவித் தடவி வழவழன்னு ஆக்குனேன். கொஞ்ச எடந்தானேன்னு..."

"கொஞ்ச எடமாத்தான் இருந்திருக்கும். ஆனா பழசு பட்டினி கெடந்து சோந்து போயிருந்துச்சு. உங்க கை தெம்பான கை. வாராவாரம் கஞ்சி வேற ஊத்துனீங்க. மெல்ல மெல்லப் பரவி மொத்தச் சுவரயும் எடுத்துக்கிருச்சு. பல வருசமாவே இங்க நீங்கதான் இருக்கீங்க."

"என் வாசம் எனக்குத் தெரியாதாம்மா?"

"தன் வாசம் யாருக்குமே தெரியாதுக்கா."

"பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"உங்க மேல மீனு, வெங்காயம், சோப்பு, அடுப்புப் புகைன்னு ஆயிரம் ஏறிக் கெடக்கு. சுவர்லதான் நீங்க மட்டும் இருக்கீங்க."

சலேத்து அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். இத்தனை வருஷமாகப் பிள்ளை கன்னம் வைத்துத் தூங்கியது தன் கையிலா! உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. அப்படியானால் பிரகாசி? உரிக்கவேண்டாம் என்று பெற்றவளோடு சண்டை போட்டு வந்தவள், தன் கையாலேயே தடவித் தடவி அவளை அழித்துவிட்டாளே!

மைமூனா அவள் தோளைத் தொட்டாள். "நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்க்கா. எனக்கு மூலந்தான் வேணும், அடுத்தவங்க குடும்பம் வேண்டாம்."

"அக்கா எங்கயாவது மிச்சம் இருப்பாளா? பாரும்மா, ஒரு மூலை விடாமப் பாரு!"

இருவரும் வீடு முழுக்கத் தேடினார்கள். எங்கே வைத்தாலும் சலேத்துதான். கடைசியில் மைமூனா ஸ்டூல் மேல் ஏறி, உத்தரத்துக்கு அடியில் கருவியை நீட்டினாள். நல்லவேளையாகச் சலேத்து குள்ளம். ஸ்டூல் போட்டாலும் அவள் கை அந்த இடத்துக்கு எட்டியதே இல்லை. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வேறொரு கை இருந்தது. "அரைத் தூக்கத்துல கெடக்காங்க. ஆனா உசிரு இருக்கு" என்றாள் மைமூனா.

அவள் போன பிறகு சலேத்து அந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு பகல் முழுக்கத் திரிந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிள்ளை கீழே இருக்கிற சுவரைச் சுரண்டிக்கொண்டு சந்தோஷமாகப் போவாள். கூடவே சலேத்தின் கையும் போகும். ஆசைப்பட்டது அதற்குத்தானே? ஆனால் அந்த ஒரு கைப்பிடிக் காரை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளால் சோற்றை விழுங்க முடியவில்லை. மறுநாள் மேசைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கத்தியால் பக்குவமாகச் சுரண்டித் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்தாள். கை படாமல், கரண்டியால் கஞ்சி ஊற்றித் தெம்பேற்றினாள்.

சில நாளில் அது ஈரத்தில் மணக்க ஆரம்பித்தது. சிரட்டையைக் கொண்டுபோய்ப் பனிமலர் முன்னால் வைத்தாள். மோந்ததும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், பெற்றவள் வாசம் அல்லவா என்று நினைத்திருந்தாள்.

பனிமலர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "யார் வீட்டு உறை சித்தி இது? புளிச்சாப்புல ஒரு வாசம். எனக்குப் பிடிக்கல."

"அப்பிடிச் சொல்லாத மக்கா" என்று சலேத்து பதறிவிட்டாள். "அது உங்கம்மா."

பிறகு மறைக்க என்ன இருக்கிறது? விரிசல், காரை, உள்ளங்கை, மைமூனா சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். பனிமலர் எழுந்து போய்த் தன் சுவரை மோந்தாள். வந்து சிரட்டையை மோந்தாள். திரும்பவும் சுவருக்குப் போனாள்.

"அப்ப எங்கம்மா வாசம் எனக்கே தெரியாதா சித்தி?" அவள் குரல் உடைந்தது. "எங்கம்மா வந்துட்டான்னு ஒவ்வொரு மழைக்கும் குதிச்சேனே, அதெல்லாம் பொய்யா? எங்கம்மா எனக்கு ஒரு நாளுமே வரலயா? ஊருல எல்லாரும் கரண்டியாலதான பூசுதாங்க? நீங்க மட்டும் ஏன் கையால பூசுனீங்க?"

"உன் கன்னம் உரசும்னு பயந்துட்டேன் மக்கா."

பனிமலர் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு பனிமலர் போகிற இடமெல்லாம் சிரட்டையும் போனது. தண்ணி தெளிப்பாள், மோந்து பார்ப்பாள், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். சலேத்து தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேனே என்று அடுப்படியில் புலம்பினாள். கஸ்பார் வேலை முடிந்து வந்து, "என்ன, எழவு விழுந்த வீடாட்டம் கெடக்கு?" என்றான். விஷயத்தைக் கேட்டவன் நேரே போய் மகள் கையிலிருந்து சிரட்டையை வாங்கினான். டீசலோடு மல்லுக்கட்டி எப்போதோ மூக்குச் செத்துப்போன மனுஷன். நெஞ்சு விரிய இழுத்து இழுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. சிரட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி பனிமலர் அடுப்படிக்கு வந்து, சலேத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சித்தி, நான் சுவர்லருந்து எடுக்கல. சிரட்டையில இருக்கறதத்தான் கொண்டுபோறேன்."

சலேத்துக்குச் சுருக்கென்று குத்தியது. நியாயம் அதுதான் என்று தெரிந்தும் குத்தியது. "பிடிக்கலன்னியே மக்கா?"

"இன்னும் பிடிக்கல. பழகணும்லா? உங்கள எனக்குத் தெரியும் சித்தி. கண்ணக் கட்டி எந்த ஊர்ல விட்டாலும் மோந்துகிட்டே வந்து சேந்துருவேன். எங்கம்மாவத்தான் எனக்குத் தெரியல. கூட வச்சிருந்தாத்தான தெரியும்?" என்றவள், சலேத்தின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். "பாவம், ஒத்தையில எவ்வளவு காலமா உத்தரத்துல கெடந்தாளோ."

சலேத்து அழுதாள். அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் அழுதாள்.

காரை பிசைகிற நாள் வந்தது. புதுவீட்டு முற்றத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பும் மணலும் கொட்டியிருந்தார்கள். சொந்தபந்தமெல்லாம் சுண்ணாம்பு சலிப்பதும் கஞ்சி சுமப்பதுமாக முழங்கை வரை வெளுத்துப்போய் நின்றார்கள். மைமூனா போன வாரமே சொல்லி அனுப்பியிருந்தாள்: அந்த உறை இன்னும் பச்சைப்பிள்ளைதான். வேறெந்தக் கை பட்டாலும் தாங்கும், ஒரு தடவை அதை ஜெயித்த கை மட்டும் படக்கூடாது.

பெரியவர் ஒருவர் வழக்கப்படி சத்தம் கொடுத்தார். "யாரு கை உறை?"

"பிரகாசி கை!" என்றாள் பனிமலர், உரக்க.

கூட்டத்தில் எழுந்த குலவையில் சலேத்தின் குலவைதான் ஓங்கிக் கேட்டது. பனிமலர் சிரட்டையைக் குழியில் கவிழ்த்து, குனிந்து பிசைய ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டாள்: "மதினி, வாங்க! அம்மா ஸ்தானத்துல இருக்கவுங்க ஒரு கை போடணும்லா?"

சலேத்து கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இருக்கட்டும் மதினி. பிள்ளையே பிசையட்டும்."

சலித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. மிக்கேலம்மாள் பக்கத்திலிருந்தவளின் இடுப்பில் இடித்தாள். "பாத்தியா? இத்தன வருசம் வளத்து என்னத்துக்கு, கடைசியில சித்தி புத்தியக் காட்டிட்டா. என்ன இருந்தாலும் பெத்தவ மாதிரி வருமா?"

அது எல்லார் காதிலும் விழுந்தது. பனிமலர் சிவந்த முகத்தோடு நிமிர்ந்து, வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சலேத்து தலையை ஆட்டினாள். இந்தக் கதையை ஊர் முன்னால் அவிழ்த்தால், இன்றைக்குப் பேசவேண்டிய பேர் பிரகாசி என்பதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அவள் கைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பனிமலர் மறுபடி குனிந்தாள். அழுத்திப் பிசைந்தாள். வியர்வை நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வழிந்தது. தோளில் துடைக்கப் பார்த்தாள், எட்டவில்லை. குழியை விட்டு எழுந்து, காரை சொட்டச் சொட்ட நேரே சலேத்து முன்னால் வந்து நின்றாள். தன் கைகளை மட்டும் அவள்மேல் படாமல் தள்ளி விரித்துப் பிடித்திருந்தாள்.

"சித்தி, மூக்கு அரிக்கு. சொறிஞ்சு விடுங்க."

முற்றத்தில் இருந்தவர்களில் சுண்ணாம்பு படாத கை அது ஒன்றுதான். சலேத்து கட்டியிருந்த கையை அவிழ்த்து, மகளின் வியர்வையைத் துடைத்து, மூக்கைச் சொறிந்துவிட்டாள். பனிமலர் விலகவில்லை. அந்த உள்ளங்கைக்குள் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதுமா மக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரம் வைங்க" என்றாள் பனிமலர்.